மீனுக்கும் சேவலுக்கும் நடுவில்

கண்டாவளை
12.01.2025

லாபிர் நானாவுக்கு,

நான் ஏரம்பு. இதை நானே எழுதுகிறேன். என் கை. என் பேனை. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

மேலே உள்ள வரியை எழுத ஒரு பின்னேரம் போய்விட்டது. இன்று இரண்டாம் நாள். அவசரம் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் வந்து உட்காரும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன். நல்லாய் இருக்கிறது.

பன்னிரண்டு வருசத்துக்கு முன்னம் நீங்கள் எனக்கு ஒரு கடிதம் போட்டீர்கள். அதில் இரண்டு வரிதான். "பிறர் கையால் வரும் கடிதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. உமது கையால் எழுதினால் வாசிப்பேன்." மகள் சுகந்தினிதான் வாசித்துச் சொன்னாள். எனக்கு எழுதத் தெரியாது என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீரூற்றில் ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் இருந்தோம். எனக்கு வந்த காகிதம் எல்லாம் வாசித்துச் சொன்னது நீங்கள்தான். அதனால் நக்கலடிக்கிறீர்கள் என்று நினைத்தேன். அந்தக் கோபத்தில் பத்து வருசம் போனது.

பிறகு எங்கள் வாசிகசாலையில் வயது போனவர்களுக்கு வகுப்புத் தொடங்கினார்கள். ஜெயரூபி ரீச்சர் முதல் நாள் என்னைக் கேட்டா: "ஐயா, எழுபத்திமூண்டு வயதில என்னத்துக்குப் படிக்க வந்தனீங்கள்?"

"ஒரு ஆளுக்கு மறுமொழி எழுதக் கிடக்கு, ரீச்சர்" என்றேன்.

இப்போது எல்லாம் வாசிக்கிறேன். சவர்க்காரக் கட்டியை வாசிக்கிறேன். உரப் பையை வாசிக்கிறேன். வீதியில் நிற்கும் பலகை என்னைக் கூப்பிடுகிறது. நேற்று உப்புப் பக்கற்றை வாசித்து முடிக்கும்வரை சுகந்தினி கறிக்கு உப்புப் போடாமல் நின்றாள்.

விசயம் இதுதான். உங்கள் வீட்டுக் கூரை மரங்கள் என் வீட்டுக்கு மேலே இருக்கின்றன. நீங்கள் கண்டீர்கள். சித்திரை வருசப் பிறப்பு முடிய மருமகன் சிவகரன் அந்தக் கூரையைப் பிரித்து, இரும்பு போட்டுத் தகரம் அடிக்கப் போகிறார். மரங்களை ஆலையில் கொடுத்துச் சீவிக் கதவு செய்வாராம். சீவுவதற்கு முன் நீங்கள் ஒருதரம் வந்து அந்த மரங்களைப் பார்க்க வேண்டும். ஏன் என்று நீங்கள் மறுமொழி போட்டால் எழுதுகிறேன்.

கை நோகிறது.

ஏரம்பு


வவுனியா
20.01.2025

ஏரம்பு அறிவது,

மகன் நுஸ்கியின் இரும்புக் கடை முகவரிக்கு உமது பெயரில் ஒரு கடிதம் வந்தது. நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. கைநாட்டு வைத்த மனிதர் ஒருவர் எழுபது வயதுக்கு மேல் இப்படி எழுதுவார் என்று நம்ப எனக்குக் கொஞ்சம் காலம் வேண்டும். உமக்காக எழுதக்கூடிய கைகள் உமது வீட்டில் இருப்பதை நான் முன்பே அனுபவித்திருக்கிறேன். ஆகவே ஒரு கேள்வி.

எதிழுயது நீர்தான் எறான்ல், என் வீடிட்ன் கிற்ணடிறயில் நின்ற மரம் எது எறுன்ம், அதன் கீழே நாங்கள் இவருரும் என்ன செய்து மாடிட்க்கொண்டோம் எறுன்ம் எதுழும்.

எம். லாபிர்


கண்டாவளை
29.01.2025

லாபிர் நானாவுக்கு,

உங்களுக்கு உடம்புக்கு என்ன?

உண்மையாகக் கேட்கிறேன். உங்கள் கடிதத்தின் முதல் பகுதியை ஒரு பின்னேரத்தில் வாசித்தேன். நடுவில் வந்து நின்றுவிட்டேன். எதிழுயது. அப்படி ஒரு சொல் எனக்குத் தெரியாது. படித்த ஆட்களின் சொல்லாக்கும் என்று விட்டேன். அடுத்தது கிற்ணடிறயில். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். சத்தம் வந்தது. சொல் வரவில்லை. நாலு நாள் அப்படி. வாதம் வந்து கை இழுத்துவிட்டதோ என்று பயந்துபோனேன்.

சனிக்கிழமை வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஜெயரூபி ரீச்சர் வாங்கி ஒரே மூச்சில் வாசித்தா. தண்ணீர் குடிக்கிற மாதிரி. "இதில என்ன ஐயா விளங்கேல்ல?" என்று கேட்டா.

"ரீச்சர், எழுத்தெல்லாம் இடம் மாறிக் கிடக்கு."

"எங்க?"

நான் விரலை வைத்துக் காட்டினேன். அவா பார்த்தா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தா. பிறகு சிரித்தா பாருங்கோ, பக்கத்து வகுப்புப் பெண்கள் எழும்பி வந்துவிட்டார்கள். "நான் காணவேயில்லை ஐயா!" என்றா.

நானா, இது என்ன புதினம்? நாற்பது வருசம் படிப்பித்தவவுக்குத் தெரியாத பிழை எனக்கு எப்படித் தெரிந்தது? அவாவுக்குத் தெரிந்த சொல் எனக்கு ஏன் தெரியவில்லை?

வீட்டில் சிவகரனுக்குக் காட்டினேன். அவரும் கடகடவென்று வாசித்தார். "கிணற்றடியில் நின்ற மரமோ? ஆர் மாமா எழுதினது?" என்றார். உங்கள் பெயரைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. "அந்தாளோட இப்ப என்ன கதை?" என்றுவிட்டு எழும்பிப் போய்விட்டார். அவரும் பிழையைக் காணவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். மாடு வளர்த்தவனுக்கு மாட்டில்தான் யோசனை ஓடும். என் பட்டி பின்னேரம் திரும்பும்போது முன்னுக்குச் சிவப்பி வருவாள். கடைசியில் கிழட்டு எருது. நான் எண்ணுவதில்லை. தலையும் வாலும் சரியென்றால், நடுவில் எது எங்கே நடந்தாலும் பட்டி முழுதாக வந்துவிட்டது என்று கண் சொல்லிவிடும். எப்போதும் சரியாகத்தான் இருக்கும். ஒருநாள் மட்டும் நடுவில் ஒரு கன்று இல்லை. நான் பட்டிப் படலையை இழுத்துக் கட்டிவிட்டேன். விடிய அது வாய்க்காலுக்குள் விழுந்து கிடந்தது. அன்று பட்டியை எண்ண ஒரு சின்னப்பிள்ளையை விட்டிருந்தால் கண்டுபிடித்திருக்கும். பிள்ளைக்கு ஒவ்வொன்றாகத்தானே எண்ணத் தெரியும்.

எழுத்திலே நான் அந்தச் சின்னப்பிள்ளை. அப்படித்தானே?

மரம் ஜம்பு. அதன் கீழே பீடி பிடித்து உங்கள் வாப்பாவிடம் மாட்டினோம். அடி உங்களுக்கு மட்டும்தான் விழுந்தது.

ஏரம்பு


வவுனியா
06.02.2025

ஏரம்பு,

நீர்தான்.

ஜம்பு மரத்தால் நம்பவில்லை. அதை யாரும் உம்மிடம் கேட்டு எழுதலாம். நீர் நாலு நாள் முழித்தீர் என்பதால் நம்புகிறேன். உமக்காக வேறொருவர் வாசித்து எழுதியிருந்தால், ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஜம்பு, பீடி என்று இரண்டு வரியில் மறுமொழி வந்திருக்கும். உடம்புக்கு என்ன என்று கேட்டிருக்க மாட்டார்.

என் கடைசி மகள் அஸ்னா இங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். போன மாதம் தன் போனில் ஒரு பந்தியைக் காட்டி வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். "இதில என்ன இருக்கு மகள்?" என்றேன். "வாப்பா, இன்னொருக்காப் பாருங்கோ" என்றாள். பாதிச் சொற்களில் எழுத்துகள் இடம் மாறியிருந்தன. அறுபது வருசமாகத் தினமும் பத்திரிகை வாசிக்கிற எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. உமது கடிதம் வந்தபோது அது நினைவுக்கு வந்தது.

உமது பட்டிக் கதையை அஸ்னாவுக்கு வாசித்துக் காட்டினேன். அரைவாசி சரியாம். பழகிய கண் சொல்லைத் தெரிந்தவரின் முகத்தைப் போலப் பார்க்கிறதாம். மூக்கையும் வாயையும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. ஆனால் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் இருந்தால் போதும் என்பது முழு உண்மை இல்லையாம். முன்னும் பின்னும் உள்ள சொற்கள் கைகொடுக்கின்றன. இன்னது வரும் என்று மனம் முதலே எதிர்பார்த்து வைத்திருக்கிறது. நீளச் சொல்லுக்குள் எழுத்துகளைத் தூரத் தூரத் தூக்கிப் போட்டால் அவளும் தடக்குப்படுகிறாள். நேற்று ஒரு சொல் எழுதிக் கொடுத்தேன். பத்து நிமிடம் மண்டையைப் போட்டு உடைத்தாள். சொல் 'கொத்தமல்லி'.

சரி. இனி உமது விசயம்.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் முஸ்லிம்கள் எல்லாரும் ஆளுக்கொரு பையோடு ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டோம். வீட்டைப் பூட்டித் திறப்பை உமது கையில் தந்தேன். புத்தளத்தில் இருபது வருசம். 2012இல் தண்ணீரூற்றுக்கு வந்தேன். நாலு சுவர் நின்றது. உம்மை விசாரித்துக் கண்டாவளைக்கு வந்தேன். ஒழுங்கையில் நின்று அண்ணாந்து பார்த்தால், என் வாப்பா கொடி செதுக்குவித்த முகப்புப் பலகை உமது வீட்டில். நீர் வயலுக்குப் போயிருந்தீராம். நான் திரும்பிவிட்டேன்.

அடுத்த வருசம் உமது பெயரில் ஒரு கடிதம் வந்தது. "சும்மா கிடந்து உக்கிப் போகவேண்டிய மரம் ஒரு குடும்பத்துக்கு உதவினது நல்லது என்று நினையுங்கோ." அந்த வரியை நான் பன்னிரண்டு வருசமாக மறக்கவில்லை.

இப்போது உமக்கு எழுதத் தெரியும். ஏன் எடுத்தீர்?

லாபிர்


கண்டாவளை
17.02.2025

லாபிர் நானாவுக்கு,

அந்த வரி என்னுடையது அல்ல.

நான் அன்று சிவகரனுக்குச் சொன்னது இது: "நானா, உங்கள் கூரைக்குக் கீழே இருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. வந்து எடுங்கோ." அவர் எழுதினார். நான் கைநாட்டு வைத்தேன். காகிதத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் கடிதத்தில்தான் அந்த வரியைக் கண்டேன். மூன்று தரம் வாசித்தேன். சொல் மாறவில்லை.

சிவகரனைக் கேட்டேன். ஒளிக்கவில்லை. "ஓம் மாமா. உங்கட கதையை அப்பிடியே எழுதியிருந்தா அந்தாள் அடுத்த கிழமை லொறியோட வந்து நிண்டிருக்கும். சுகந்தினி பிள்ளை பெத்து எட்டு நாள். வெளியில மழை. நான் என்ன செய்ய?" என்றார். அவரும் வேலை செய்து களைத்த மனிதர்தான். ஆனால் என் கைநாட்டுக்குக் கீழே என்னுடையது அல்லாத சொல் பன்னிரண்டு வருசம் கிடந்திருக்கிறது.

ஏன் எடுத்தேன் என்று கேட்டீர்கள்.

ஒன்பது வருசம் உங்கள் வீட்டைப் பார்த்தேன். விளக்கு வைத்தேன். கூட்டினேன். தொண்ணூற்றொன்பதில் ஓடுகள் போகத் தொடங்கின. பிறகு இரண்டு கதவு. சண்டைக்குப் பங்கர் வெட்டி மூட மரம் தேடித் திரிந்த காலம். வீட்டு மரம் முழுக்க வைரம் பாய்ந்த முதிரை. இன்னும் ஒரு கிழமை விட்டால் ஒன்றும் மிஞ்சாது. அதனால் நானே ஏறினேன். நானும் மனுசியும் ஐந்து நாள் கழற்றினோம்.

கழற்றும்போது ஒரு பயம் வந்தது. இருபத்திரண்டு கைமரம். ஒவ்வொன்றும் தன் இடத்துக்கென்று வெட்டியது. கலந்துவிட்டால் திரும்பப் பூட்டுவது எப்படி? எழுதத் தெரிந்தவன் ஒன்று, இரண்டு என்று போடுவான். எனக்கு அதுவும் தெரியாது. கத்தி நுனியால் படம் வெட்டினேன். உங்கள் வீடு என்றபடியால் முதல் மரத்துக்குப் பிறை. பிறகு குடம், ஏணி, சேவல், மீன், தேள் என்று போய், கடைசி மரத்துக்குக் கலப்பை. கலப்பை நான்.

வண்டிலில் மூன்று நடை. கண்டாவளையில் மனுசியின் காணியில் குழி வெட்டித் தாட்டு, மேலே வைக்கோல் போர் வைத்தேன். சண்டை வந்து எங்களையும் தள்ளிக்கொண்டு போனது. மனுசி திரும்பி வரவில்லை. 2010இல் செட்டிகுளம் முகாமிலிருந்து வந்து பார்த்தால் என் வீடு இருந்த இடத்தில் எருக்கலை. குழியைக் கிண்டினேன். கறையான் முதிரையில் வாய்வைத்துப் பார்த்துவிட்டு விட்டிருந்தது. அத்தனையும் இருந்தன.

மாரி தொடங்கிவிட்டது. சுகந்தினி தறப்பாள் கட்டின கொட்டிலுக்குள்ளே. உங்கள் மரத்தைத் தூக்கி மேலே போட்டேன். இது உண்மை. ஆள் அனுப்பி உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நீங்கள் எங்கே என்று தெரியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தேடினால் கண்டுபிடித்திருக்கலாம். அது என் பிழை. அதற்குத்தான் நான் எழுதப் படித்தேன்.

ஆனால் நானா, கள்ளன் மரத்துக்கு அடையாளம் போடமாட்டான். அந்த அடையாளங்கள் இன்னும் மரத்தில் இருக்கின்றன. சீவினால் போய்விடும். பிறகு என் வாயால் சொல்வதுதான் மிச்சம். வந்து பாருங்கோ.

இந்தக் கடிதம் எட்டு நாள் எழுதினேன்.

ஏரம்பு


வவுனியா
12.03.2025

ஏரம்பு,

உடனே எழுத முடியவில்லை. நோன்பும் தொடங்கிவிட்டது. உன் கடிதத்தை நுஸ்கிக்குக் கொடுத்தேன். "விடுங்கோ வாப்பா, பழைய மரக்கட்டைக்காக இந்த முழங்காலோட பஸ் ஏறப் போறீங்களா?" என்றான். அஸ்னா உன் பட்டிக் கதை இருந்த கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

எனக்கு விளங்கியது. முன்னால் சிவப்பி: தொண்ணூறில் என் வீட்டுக்குக் கூரை இருந்தது. பின்னால் கிழட்டு எருது: 2012இல் அது உன் வீட்டில் இருந்தது. தலையும் வாலும் சரி. நடுவில் இருபத்திரண்டு வருசத்தை நான் ஒரு கண்வெட்டில் வாசித்து முடித்துவிட்டேன். ஒரு எழுத்தில்கூட விரல் வைக்கவில்லை. படலையில் கைவைத்து "ஏரம்பு இருக்கிறாரா" என்று கேட்டுவிட்டு ஒரு மணித்தியாலம் குந்தியிருந்திருக்கலாம். முதுகைக் காட்டிக்கொண்டு போனது நான்.

முழுதாக ஆறிவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். பார்த்தால்தான் தெரியும்.

பெருநாள் முடிந்து ஏப்ரல் ஒன்பதாம் திகதி, புன்தகிழமை, வவுனியாவிருலிந்து முதல் பஸ்ஸில் ஏறுவேன். பரந்தனில் இறங்கி முச்சக்கர வண்டி பிடித்துக் கண்டாளைவக்கு வருகிறேன். கைரமங்களை என் கண்ணால் பார்க்க வேண்டும். சாப்பாடு ஒன்றும் ஆயத்தப்டுபத்த வேண்டாம். தேநீர் போதும்.

ஒன்று கேட்கிறேன். என் உம்மாவின் அறைக்கு மேலே இருந்த மரத்துக்கு என்ன படம் போட்டாய்?

லாபிர்


கண்டாவளை
19.03.2025

லாபிர் நானாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு பின்னேரத்தில் முழுதாக வாசித்துவிட்டேன். இரண்டாம் தரம் சுகந்தினிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவள் அழுதாள். சிவகரன் வெளியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. போகவும் இல்லை.

ஒன்பதாம் திகதி புதன்கிழமை நான் பரந்தன் சந்தியில் நிற்பேன். முச்சக்கர வண்டியை நான் பிடித்து வைக்கிறேன். சாப்பாடு வேண்டாம் என்ற கதையைச் சுகந்தினி ஒத்துக்கொள்ளவில்லை. முஸ்லிம் ஆட்களின் கடையில் இறைச்சி வாங்கி உங்கள் முறைப்படிதான் சமைப்பாளாம்.

உம்மாவின் அறைக்கு மேலே மீன். வேலிக்கு மேலால் அவா தந்த மீன்குழம்புக்காகப் போட்டது.

ஏரம்பு


வவுனியா
15.04.2025

ஏரம்பு,

வருசப் பிறப்புக்கு வாழ்த்து. சுகந்தினியிடம் சொல், அவள் கட்டித் தந்த பணியாரம் இந்த வீட்டில் ஒரு இரவு தாங்கவில்லை.

அங்கே கதிரையில் ஏறி அந்த மீனைத் தடவிப் பார்த்தபோது ஒன்றும் பேச வரவில்லை. பேசாமல் வந்துவிட்டேன் என்று நினையாதே. பஸ்ஸுக்குள் பக்கத்தில் இருந்த மனிதரிடம் பரந்தனிலிருந்து வவுனியா வரை பேசிக்கொண்டு வந்தேன். பாவம், அவர் வழியில் புளியங்குளத்தில் இறங்க வேண்டியவர்.

சிவகரன் என்னோடு உங்கள் ஊர்ச் சந்திவரை நடந்து வந்தார். சந்தியில் வைத்து, "ஐயா, அந்த வரி நான் எழுதினது. அவரில கோவியாதேங்கோ" என்றார். "தம்பி, உம்மட கையெழுத்து வடிவு. விசயம்தான் சரியில்லை" என்றேன். சிரிப்பதா என்று தெரியாமல் நின்றார். தகரத்துக்கும் இரும்புக்கும் நுஸ்கியின் கடையில் வந்து பேசச் சொல்லியிருக்கிறேன்.

கூரையை நான் எடுக்கிறேன். தண்ணீரூற்றுச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. நுஸ்கி முதலில் தலையில் கைவைத்தான். இப்போது அவனே லொறி பார்க்கிறான்.

இனி உன் விசயம். மார்ச் பன்னிரண்டாம் திகதி போட்ட கடிதத்தை எடு. நான் வரும் நாளைச் சொன்ன பந்தியில் விரலை வை. முதல் நாளில் வாசித்த மாதிரி வாசி.

நீ ஒன்றும் சொல்லவில்லையே ஏரம்பு. அங்கே வந்து பார்த்தேன், அப்போதும் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

லாபிர்


கண்டாவளை
24.04.2025

லாபிர் நானாவுக்கு,

ஐந்து சொல்! ஐந்து சொல்லில் கைவைத்திருக்கிறீர்கள்!

விரல் வைத்தேன். புன்தகிழமை. நான் அதைப் புதன்கிழமை என்று வாசித்து, சந்தியிலும் போய் நின்றேனே! சுகந்தினிக்குச் சத்தமாக வேறு வாசித்தேன். வாய் ஒரு இடத்திலும் தடக்கவில்லை. கைரமங்களை என்ற இடத்தில் எனக்கு முன்னால் மரம்தான் தெரிந்தது. எழுத்துத் தெரியவே இல்லை.

ஜெயரூபி ரீச்சரிடம் ஓடினேன். சைக்கிளில்தான், ஆனால் ஓடின மாதிரி. "ரீச்சர், நான் பிழையைக் காணேல்ல!" என்றேன். அவா வகுப்புக்கே கை தட்டச் சொன்னா. பிழை விட்டதற்குக் கை தட்டு வாங்கிய ஆள் நான் ஒருவன்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு சின்னக் கவலை. முன்னம் ஒவ்வொரு எழுத்தும் வீட்டுக்கு வந்த விருந்தாளி. இருத்தி, தண்ணீர் கொடுத்து, சுகம் கேட்டு அனுப்புவேன். இப்போது வாசலால் கூட்டமாகப் போகிறார்கள். தலையை ஆட்டிவிட்டு விடுகிறேன். இதுவும் நல்லதுதான். ஆனால் தேவைப்பட்டால் திரும்ப ஒவ்வொருவராகக் கூப்பிடத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன். கன்று விழுந்த பட்டிக்காரன் அல்லவா.

மரங்களைக் கழற்றியாகிவிட்டது. சிவகரன்தான் ஏறிக் கழற்றினார். நான் கீழே நின்று படங்களைச் சத்தமாகச் சொன்னேன். முகப்புப் பலகையைச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். லொறியை அனுப்புங்கோ.

ஏரம்பு


தண்ணீரூற்று
17.08.2025

ஏரம்பு,

முகவரியைப் பார்த்தாயா? முப்பத்தைந்து வருசத்துக்குப் பிறகு அதை என் கையால் எழுதுகிறேன். எழுதிவிட்டு நீ செய்வது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூரை ஏறிவிட்டது. மரவேலை செய்த ஓடாவி முல்லைத்தீவுக்காரர். உன் படங்களைப் பார்த்து, "இது ஆர் சின்னப்பிள்ளை கீறினது?" என்று கேட்டார். பிறகு அவற்றை வைத்துத்தான் வேலையை முடித்தார். பிறை வாசல் பக்கம், கலப்பை குசினிப் பக்கம். நான் மத்தியானம் பாயில் படுத்துக்கொண்டு மேலே பார்த்தேன். ஒரு கிழமை பார்த்தேன். எட்டாம் நாள்தான் கண்டேன். நடுவில் இரண்டு மரம் மாறிப் பூட்டப்பட்டிருக்கின்றன. ஓடாவி காணவில்லை. நுஸ்கி காணவில்லை. கூரை ஒரு பிழையும் இல்லாமல் நிற்கிறது. போன கிழமை மழைக்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

எவை என்று சொல்லமாட்டேன். வந்து கண்டுபிடி. ஜம்பு மரம் இல்லை. அடியிலிருந்து ஒன்று துளிர்த்திருக்கிறது. பீடி நான் விட்டுவிட்டேன்.

லாபிர்


கண்டாவளை
03.09.2025

லாபிர் நானாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். உங்கள் வீட்டில் மூன்று நாள் தின்ற சாப்பாட்டில் உடுத்த சாரம் இடுப்பில் இறுகிவிட்டது.

இரண்டாம் நாள் மத்தியானம் நீங்கள் தொழப் போனபோது நான் பாயில் படுத்தேன். முதலில் சும்மா பார்த்தேன். பிறை, கலப்பை, நடுவில் எல்லாம் சரி. கண் சரி என்று சொல்லிவிட்டது. இது சரிவராது என்று எழும்பி, வேலியில் ஒரு நீளத் தடி முறித்துக்கொண்டு வந்தேன். தடியின் நுனியை ஒவ்வொரு மரத்திலும் வைத்து, சத்தமாகச் சொன்னேன். பிறை. குடம். ஏணி. அடுத்தது சேவல் வரவேண்டும். தடி மீனில் நின்றது.

உம்மாவின் மீன் இப்போது மண்டபத்துக்கு மேலே, நீங்கள் பாய் போடுகிற இடத்துக்கு நேரே இருக்கிறது. உம்மாவின் அறைக்கு மேலே சேவல். அங்கே இப்போது அஸ்னாவின் பிள்ளைகள் வந்தால் படுக்கிறார்கள். அவர்களுக்குச் சேவல் நல்லது.

மாற்ற வேண்டாம். ஓடாவியிடமும் சொல்ல வேண்டாம்.

நீங்கள் பள்ளிவாசலால் வந்து, "என்ன, கண்டியா?" என்று கேட்டீர்கள். "இன்னும் இல்லை நானா" என்றேன். அடுத்த நாளும் கேட்டீர்கள். அப்போதும் இல்லை என்றேன். உங்கள் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொன்னேன்.

அங்கேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் எல்லாவற்றையும் வாயால் சொல்லி முடித்துவிட்டால், வீட்டுக்கு வந்து நான் எதை எழுதுவது?

ஏரம்பு